முதல் சாம்பியனைச் ‘சிறிய கிளப்’ என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில், வீரர்கள் கிளப் மாறுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ழான் மார்க் போஸ்மன் என்ற பெல்ஜியம் வீரர் போட்ட வழக்கு ஐரோப்பியக் கால்பந்தையே எப்படிப் புரட்டிப்போட்டது என்பதைப் பத்தாம் வகுப்புப் பையனுக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தீர்கள். ஆனால் அவர் எந்தக் கிளப்பை எதிர்த்து வழக்குப் போட்டாரோ, அதை ‘லியேஜ் நகரின் ஒரு சிறிய கிளப்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரியை என்னால் அப்படியே கடந்துபோக முடியவில்லை.

நான் மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஞானஒளிவுபுரம் பக்கம் ஒரு கால்பந்துக் குழுவுக்கு நெடுங்காலமாகச் செயலாளராகவும் இருக்கிறேன். போஸ்மன் வழக்கின் தீர்ப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறேன். ஒரு வழக்குக் கட்டைப் பிரித்தால் வாதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்க எனக்குத் தெரியாது. எதிர்வாதி யார், எங்கிருந்து வந்தவர், பிறகு என்ன ஆனார் என்பதையும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கப் போய்த்தான் இந்தக் கிளப்பின் கதை எனக்குத் தெரிய வந்தது.

அதன் பெயர் ஆர்.எஃப்.சி. லியேஜ். தொடங்கியது 1892-இல். பெல்ஜியத்தில் முதன்முதலாக லீக் நடந்தது 1895-96 பருவத்தில். மொத்தம் ஏழே அணிகள். அதில் கோப்பையைத் தூக்கியது லியேஜ். அதாவது, பெல்ஜியத்தின் முதல் சாம்பியன் இவர்கள்தான். 1898, 1899 என்று அடுத்தடுத்து மேலும் இரண்டு பட்டங்கள். பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் மறுபடி சாம்பியன். லியேஜ் என்றதும் இன்று எல்லோரும் சொல்வது ஸ்டாண்டர்ட் லியேஜ் அணியை. அதே ஊர், அதே மியூஸ் ஆற்றங்கரை. ஆனால் ஸ்டாண்டர்ட் தன் முதல் லீக் பட்டத்தை வென்றது 1958-இல்தான். அப்போது இவர்கள் கையில் ஐந்து பட்டங்கள் இருந்தன.

இவர்களுடைய மைதானம் ஊருக்கு வடமேற்கே உள்ள ரொக்கூரில் இருந்தது. 1921-இல் திறந்தது. கால்பந்துத் திடலைச் சுற்றிச் சைக்கிள் பந்தயத்துக்கான சாய்தளப் பாதை ஓடும். உலக சைக்கிள் சாம்பியன்ஷிப்பே அங்கே பலமுறை நடந்திருக்கிறது. சட்டை நிறம் இரத்தச் சிவப்பும் கருநீலமும். 1963-64-இல் ஐரோப்பிய நகரங்களுக்கிடையே நடந்த கோப்பையில் அரையிறுதி வரை போய், ஸ்பெயினின் சரகோசாவிடம் தோற்றார்கள்.

அப்புறம் 1983-இல் ரொபேர் வசேஜ் பயிற்சியாளராக வந்தார். ஒன்பது வருடம் இருந்தார். 2002 உலகக் கோப்பையில் பெல்ஜியம் அணியை இரண்டாம் சுற்றுக்குக் கொண்டுபோனாரே, அதே வசேஜ்தான். அவர் காலத்தில் லியேஜ் அணி ஐரோப்பியக் கிளப்புகளுக்கான 1989-90 யூஃபா கோப்பையில் கால் இறுதி ஆடியது. 1990-இல் பெல்ஜியம் கோப்பையை வென்றது. அந்த வெற்றியால் அடுத்த பருவம் கோப்பை வென்றவர்களுக்கான ஐரோப்பியப் போட்டிக்குப் போய், அங்கேயும் கால் இறுதியில் இத்தாலியின் யுவென்டஸோடு மோதியது. இந்த அணியைத்தான் நீங்கள் ‘சிறிய கிளப்’ என்கிறீர்கள்.

இப்போது வழக்குக்கு வருகிறேன். கோப்பை வென்ற அதே 1990-ஆம் ஆண்டுதான் போஸ்மனின் ஒப்பந்தமும் முடிந்தது. அவர் போனஸ் எல்லாம் சேர்த்து மாதம் சராசரியாக 1,20,000 பெல்ஜியம் பிராங்க் வாங்கிக்கொண்டிருந்தார். புதிய ஒப்பந்தத்தில் கிளப் தர முன்வந்தது 30,000. பெல்ஜியம் கால்பந்துச் சங்கத்தின் விதிப்படி அதற்குக் கீழே கொடுக்கவே முடியாது. அவர் கையெழுத்துப் போட மறுத்தார். உடனே அவரை வேறு கிளப்புக்கு விற்கிற மாற்றுப் பட்டியலில் போட்டு, வாங்குகிற கிளப் 1,17,43,000 பிராங்க் கட்ட வேண்டும் என்று விலை வைத்தார்கள். மாதம் 30,000-க்குத்தான் பெறுவான் என்று இவர்களே மதிப்புப் போட்ட ஆளுக்கு இந்த விலை!

பிரான்சின் டன்கிர்க் கிளப் அவரை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. முதலில் ஒரு வருடத்துக்கு 12 லட்சம் பெல்ஜியம் பிராங்க் என்று இரண்டு கிளப்புக்கும் பேச்சு முடிந்தது. பெல்ஜியம் சங்கத்திலிருந்து பிரான்ஸ் சங்கத்துக்கு மாற்றுச் சான்றிதழ் போக வேண்டும். ஆகஸ்ட் 2-ஆம் தேதி பருவத்தின் முதல் ஆட்டம். அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பது நிபந்தனை. டன்கிர்க்கிடம் பணம் இருக்கிறதா என்று லியேஜ் கிளப்புக்குச் சந்தேகம். சான்றிதழை அனுப்பச் சொல்லிச் சங்கத்தைக் கேட்கவே இல்லை. ஒப்பந்தங்கள் காலாவதியாகிவிட்டன. அதோடும் விடவில்லை. ஜூலை 31 அன்று போஸ்மனைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அந்தப் பருவம் முழுக்க அவரால் எங்கேயும் ஆட முடியாமல் போனது. ஆகஸ்ட் 8 அன்று அவர் லியேஜ் நீதிமன்றப் படி ஏறினார்.

இதில் நான் கிளப் பக்கம் இல்லை. அவர்கள் செய்தது அநியாயம். ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பையனின் வயதைத் தின்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன், நல்ல இடது கால், வேறு ஒரு குழுவில் ஆடிக்கொண்டிருந்தான். சென்னையில் ஒரு துறை அணி அவனைத் தேர்வுக்குக் கூப்பிட்டது. குழுவிலிருந்து என்.ஓ.சி. வேண்டும் என்றார்கள். அந்தக் குழுவின் நிர்வாகிகள் இன்று வா, நாளை வா, தலைவர் ஊரில் இல்லை, சீல் பூட்டிய பீரோவில் இருக்கிறது என்று இழுத்தடித்தார்கள். அவனுடைய அம்மா ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து, “அண்ணே, நீங்க கோர்ட்டுல இருந்தவுகதானே, ஒரு நோட்டீஸ் விட முடியாதா?” என்று கேட்டார். வக்கீலிடம் சொல்லி நோட்டீசும் விட்டோம். கடிதம் கைக்கு வந்தபோது அந்த அணியில் இடம் நிரம்பிவிட்டது. இப்போது அவன் மாட்டுத்தாவணியில் பழ லோடு இறக்குகிறான். அதனால்தான் எங்கள் குழுவில், கேட்கிறவனுக்கு அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவது என் வழக்கம். கட்டிவைத்து ஆடவைக்கிற ஆட்டம் ஆட்டமா?

1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு நாட்டுக் கிளப்புக்குப் போக மாற்றுக் கட்டணம் கேட்கக் கூடாது. ஒன்றியத்து நாட்டினருக்கு ‘வெளிநாட்டு வீரர்’ என்று எண்ணிக்கை வரம்பு வைக்கக் கூடாது. இதை உங்கள் கட்டுரை சரியாகவே சொல்லியிருக்கிறது.

ஆனால், கட்டுரையின் கடைசிப் பத்தியில் இந்தத் தீர்ப்பால்தான் லியேஜ் கிளப் அழிந்தது என்ற தொனி வருகிறது. தேதியைப் பார்த்தால் அது நிற்காது. அந்த அணி முதல் டிவிஷனில் கடைசி இடம் பிடித்துக் கீழே இறங்கியது 1994-95 பருவத்தின் முடிவில். தீர்ப்பு வந்தது அதே ஆண்டு டிசம்பரில். கடன் அதற்கு வெகுநாள் முன்பே கழுத்தை நெரித்துவிட்டது. ரொக்கூர் மைதானத்தின் பார்வையாளர் மாடங்கள் பழுதாகிக் கிடந்தன. மைதானம் கைவிட்டுப் போனது. இடித்தார்கள். இன்று அந்த இடத்தில் பல திரைகள் கொண்ட பெரிய சினிமா வளாகம் நிற்கிறது.

தீர்ப்பு ஒரு கிளப்பின் வருமானத்தைக் குறைக்கலாம், வீரர்களை இழுத்துக்கொண்டு போகலாம். அடுத்த வருடம் இளம் பையன்களைக் கொண்டு மறுபடி அணி கட்டிக்கொள்ளலாம். மைதானம் போனால் பையன்கள் எங்கே வந்து நிற்பார்கள்? எனக்கு இது ஏட்டில் படித்த விஷயம் இல்லை. எங்கள் குழு முன்பு பயிற்சி எடுத்த திடலில் இப்போது பாதிக்கு மேல் தகரக் கொட்டகையும் வாகன நிறுத்தமும் இருக்கின்றன. மீதி இடத்தில் கோல் கம்பத்தைக் குறுக்கே நட்டு ஆடுகிறோம். கார்னர் அடிக்கிறவன் சுவரில் முதுகை உரசிக்கொண்டுதான் ஓடி வர வேண்டும். போன வருடம் வந்ததைவிட இந்த வருடம் பையன்கள் குறைவு.

லியேஜ் அணி அதற்குப் பிறகு இருபது வருடம் சொந்த வீடு இல்லாமல் திரிந்தது. 1995-இல் தில்யூர் கிளப்போடு இணைந்து, அந்தப் பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஆடியது. பக்கத்து ஊர் மைதானங்களில் கடன் வாங்கி ஆடியது. நான்காம் நிலை வரை இறங்கியது. ரசிகர்கள் கூடவே போனார்கள். 2015-இல் மறுபடி ரொக்கூருக்கே திரும்பி வந்தார்கள், பழைய மைதானம் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாகக் கட்டிய ஒரு சின்ன மைதானத்துக்கு. 2023-இல் இரண்டாம் நிலை லீக்குக்கு ஏறினார்கள்.

இவ்வளவு அலைச்சலிலும் அவர்கள் விடாமல் காப்பாற்றிக்கொண்ட ஒன்று உண்டு. அவர்களுடைய பதிவு எண். பெல்ஜியம் சங்கம் 1926-இல் எல்லாக் கிளப்புகளுக்கும் மூப்புப்படி எண் கொடுத்தது. ஆண்ட்வெர்ப் 1, பிரஸ்ஸல்ஸின் டேரிங் 2, கிளப் புரூஜ் 3, லியேஜ் 4. பெயர் மாறலாம், மைதானம் மாறலாம், முதலாளி மாறலாம். எண் இருக்கிற வரை சட்டப்படி அது அதே கிளப், அதன் பழைய பட்டங்களும் அதற்கே சொந்தம். எண் போனால் எல்லாம் போச்சு. 2-ஆம் எண் 1973 இணைப்பில் மறைந்தே போனது. இணைந்த கிளப் மற்றதன் எண்ணை வைத்துக்கொண்டது. நான்கு முறை சாம்பியனான லியர்ஸ 2018-இல் திவாலாகித் தன் 30-ஐ இழந்தது. லோக்கரன் கிளப்பும் 2020-இல் திவாலானது. கடனிலும் இணைப்பிலும் தரமிறக்கத்திலும் உருண்ட லியேஜ் அணியிடம் அந்த 4 இன்னும் இருக்கிறது. பத்திரம் தொலைந்து போனால் நிலம் என்ன ஆகும் என்று நாற்பது வருடம் பார்த்தவன் நான். இந்த விஷயத்தில் அந்த மனிதர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இதைப் படித்த பிறகுதான் எங்கள் குழுவின் பழைய பதிவேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சிவப்புக் காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு. எனக்கு முன்னால் செயலாளராக இருந்தவர் ஆலைத் தொழிலாளி. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பக்கம். மூலையில் பாஸ்போர்ட் அளவுப் படம், பசை காய்ந்து ஓரம் சுருண்டிருக்கிறது. பெயர், தகப்பனார் பெயர், வேலை, ஆடும் இடம், சேர்ந்த தேதி. சில பக்கங்களில் கீழே பச்சை மையில், ‘ரயில்வேக்கு விடுவிக்கப்பட்டார்’, ‘போலீஸ் அணிக்கு விடுவிக்கப்பட்டார்’ என்று எழுதியிருக்கும். எந்தப் பக்கத்திலும் பணம் வாங்கியதாக ஒரு வரி கிடையாது. பூட்ஸ் வாங்க வசதியில்லாமல் வெறுங்காலோடு ஆடியவர்களின் பெயருக்கு நேரே ‘வெ’ என்று சின்னதாக ஒரு குறி போட்டிருக்கிறார்.

மதுரையில் இப்படி எத்தனை குழுக்கள் இருந்தன! ஆலை அணிகள், ரயில்வே காலனிப் பையன்கள், தேவாலயத் தெருக் குழுக்கள், கல்லூரி அணிகள். அதில் ஆடியவர்களில் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்கென்று ஒரு எண்ணும் இல்லை, ஒரு வரி வரலாறும் அச்சில் இல்லை. ஐரோப்பிய லீக் முடிவுகளுக்கு நீங்கள் தினமும் அரைப் பக்கம் கொடுக்கிறீர்கள். நானும் விரும்பித்தான் படிக்கிறேன். அதில் வாரம் ஒரு முறை கால் பக்கத்தை இவர்களுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கிறேன். ஒரு வாரம் ஒரு குழு. யார் தொடங்கியது, எங்கே ஆடினார்கள், அந்தத் திடல் இன்று என்னவாக இருக்கிறது, உயிரோடு இருப்பவர் யார். இவ்வளவு போதும்.

உங்கள் நிருபரை அனுப்பினால், நடமாட முடிகிற பழைய வீரர்களின் வீடுகளுக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன். காலை பத்து மணிக்கு முன்னால் என்றால் நல்லது. வெயில் ஏறினால் அவர்கள் படுத்துவிடுவார்கள். பதிவேட்டை அலுவலகத்துக்கு எடுத்து வரவும் தயார். விட்டுவிட்டுப் போக மட்டும் முடியாது. உட்கார்ந்து வேண்டிய பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன்.

லியேஜ் பற்றிய அந்த வரிக்கும் அடுத்த ஞாயிறு ஒரு சிறு திருத்தம் போட்டுவிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்துக் குழுவின் செயலாளர்,
ஞானஒளிவுபுரம், மதுரை.