சண்முகத்துக்கு, மண்டபத்திலிருந்து

மண்டபம்
11-6-2025

அன்புள்ள மாப்ளே சண்முகம்,

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. போனில் ரெண்டு நிமிஷத்தில் கேட்க வேண்டியதை நாலு பக்கம் எழுதியிருக்கிறாரே என்று மகள் சிரித்தாள். போனில் கேட்டிருந்தால் நானும் ரெண்டு நிமிஷத்தில் எதையாவது உளறியிருப்பேன். எழுதிக் கேட்டது நல்லதாய்ப் போயிற்று.

இங்கே தடைக்காலம் முடிய இன்னும் மூணு நாள் இருக்கிறது. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் சும்மா கிடந்த விசைப்படகுகளுக்கு பெயின்ட் அடிப்பதும் வலை பொத்துவதும் ஐஸுக்குச் சொல்லி வைப்பதுமாகக் கரை முழுக்கப் பரபரப்பு. மருமகனுடையது நாட்டுப்படகு, அதற்குத் தடை இல்லை. ஆனால் இந்தக் கச்சான் காற்றில் அவன் வாரத்தில் பாதி நாள் வீட்டில்தான் இருக்கிறான். புதுப் பாம்பன் பாலத்தில் ஏப்ரலிலிருந்து ரயில் ஓடுகிறது. ரெண்டு வருஷத்துக்கு மேல் அந்தச் சத்தமே இல்லாமல் தூங்கிப் பழகியதால் ராத்திரியில் இன்னும் முழிப்பு வந்துவிடுகிறது. முழங்கால் பற்றிக் கேட்டிருந்தாய். அது அப்படியேதான் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பேரன் கிளாட் என்கிற சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வு எழுதித் திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிவிட்டான். அது போக ரெண்டு மாநிலம் தள்ளி ஒரு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்கும்போல் இருக்கிறது. உன் மருமகளுக்கோ பளபளப்பான புத்தகம் அச்சடித்துக் கொடுத்த தனியார் பல்கலைக்கழகம்தான் பிடித்திருக்கிறது. எதில் சேர்ப்பது என்று கேட்கிறாய். வேடிக்கையைப் பார், இதே பஞ்சாயத்து என் வீட்டிலும் ஒரு மாதமாக நடக்கிறது. மகள் வயிற்றுப் பேத்தி இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தாள். அவளும் வக்கீலுக்குத்தான் படிக்கப் போகிறாளாம்.

அவளுக்கு இந்த எண்ணம் எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மருமகனின் சித்தப்பா மகனை, எல்லை தாண்டிவிட்டான் என்று இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. மறுநாள் யாழ்ப்பாணம் பக்கத்து நீதிமன்றம் ஒன்றில் நிறுத்தினார்கள். செல்போனில் வந்த அந்த ஊர்ச் செய்தியைப் படித்துவிட்டு, "தாத்தா, விளக்கமறியல்னா என்ன?" என்று கேட்டாள். 36 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அந்த வார்த்தை தெரியவில்லை. அப்புறம் விசாரித்தால், நாம் ரிமாண்ட் என்கிறோமே அதுதான். வக்கீலை அங்கே சட்டத்தரணி என்கிறார்கள். அங்கே நீதிமன்றமும் தமிழில்தான் நடக்கிறது. குற்றச்சாட்டைத் தமிழில் வாசிக்கிறார்கள், நம் பையன் தமிழில் பதில் சொல்கிறான். ஆனால் நம் ஊர் வக்கீல் யாரும் போய் அவன் பக்கத்தில் நிற்க முடியாது. "பேச்சு ஒண்ணு, சட்டம் வேறயா தாத்தா?" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். 1974, 1976 கச்சத்தீவு ஒப்பந்தங்கள், கடலடியை அரிக்கிற இழுவை மடி வலையை இலங்கை 2017-ல் தடை செய்தது எல்லாம் எனக்கே அவள்தான் சொல்லிக் கொடுத்தாள்.

இப்போது அவளுக்கு முன்னால் ரெண்டு வழி இருக்கிறது. ஒன்று, 2017-ல் ஆரம்பித்த நம் ராமநாதபுரம் அரசுச் சட்டக் கல்லூரி. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அவள் அம்மாவின் ஓட்டு அதற்குத்தான். இன்னொன்று, சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் தன் வளாகத்திலேயே நடத்துகிற சீர்மிகு சட்டப் பள்ளி, அஞ்சு வருஷ ஆனர்ஸ். ரெண்டுக்கும் நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் வருவாள். அதில் கிடைத்துவிட்டால் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொள்ளும். கிளாட்டும் எழுதினாள். ரெண்டு மணி நேரத்தில் 120 கேள்வி, எல்லாம் ஆங்கிலம், தப்பானால் கால் மார்க் போய்விடும். கோச்சிங் இல்லாமல் போய் நின்றாள், கிடைக்கவில்லை. உன் பேரன் அதைத் தாண்டியிருக்கிறான் என்றால் சாதாரண விஷயம் இல்லை. அவனிடம் நான் சொன்னதாகச் சொல்.

நீ எழுதிய தரவரிசைப் பட்டியலைப் படித்தேன். எத்தனையாவது இடம், எத்தனை பேருக்கு கம்பெனி வேலை என்றெல்லாம் கோடு போட்டிருக்கிறாய். பாங்க்காரன் புத்தி போகுமா? எனக்குத் தெரிந்த கணக்கு வேறு. அதற்கு ஒரு கேஸைச் சொல்கிறேன்.

கடல் அட்டை பிடிப்பது 2001-லிருந்து தடை என்பது உனக்கும் தெரிந்திருக்கும். புலிக்கு என்ன சட்டமோ அட்டைக்கும் அதே சட்டம். பல வருஷத்துக்கு முன்னால், வலையில் தானாக விழுந்தது என்று சொல்லியும் கேட்காமல் ஒரு பெரியவர் மேல் கேஸ் போட்டார்கள். எங்கள் ஆபீஸுக்குத்தான் வந்தார். நாலு வருஷம் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு, மஞ்சள் பையில் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து, கோர்ட்டு வாசலில் பேர் கூப்பிடுவதற்காக உட்கார்ந்திருப்பார். எங்கள் சீனியர், தானாக விழுந்ததா வேண்டுமென்று பிடித்ததா என்றே வாதாடிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் மதுரையிலிருந்து வேறு வேலையாக ஒரு சின்னப் பெண் வந்தாள், வக்கீலாகி மூணு வருஷம்கூட இருக்காது. கேஸ் கட்டைப் புரட்டியவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அண்ணே, இதுல கம்ப்ளெயின்ட் கொடுத்தது யாரு?" கட்டில் இருந்தது போலீஸ் போட்ட குற்றப்பத்திரிகை மட்டும்தான். வனவிலங்குச் சட்டம் 55-ஆவது பிரிவுப்படி, அதிகாரம் பெற்ற அதிகாரியோ, 60 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுத்த ஒருவரோ நேரடியாகக் கோர்ட்டில் புகார் கொடுத்தால்தான் அந்தக் கேஸை எடுக்கவே முடியும், போலீஸ் குற்றப்பத்திரிகை போதாது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரத்து மனு போட்டாள், கேஸ் உடைந்தது. நாலு வருஷம் அந்தக் கட்டைச் சுமந்தவன் நான். அதில் எத்தனை பக்கம் என்று தெரியும், என்ன இல்லை என்று தெரியவில்லை.

அவளிடம் எந்தக் கல்லூரி என்று கேட்டேன். தெற்கே ஒரு அரசுக் கல்லூரியைச் சொன்னாள். உன் பட்டியலில் அது எங்கேயும் இல்லை. ஆனால் அங்கே ஒரு வாத்தியார், பேர் ஆக்ட், அதாவது விளக்கவுரை இல்லாத வெறும் சட்டப் புத்தகம், கையில் இல்லாமல் வகுப்புக்கு வந்தால் வெளியே அனுப்பிவிடுவாராம். நோட்ஸ் எழுதவே விடமாட்டாராம். மாணவர்கள் வாதாடிப் பழகுகிற மாதிரி நீதிமன்றமான மூட் கோர்ட்டில் அவள் அஞ்சு வருஷமும் நின்றிருக்கிறாள்.

அதனால் மாப்ளே, நீ கேட்க வேண்டியது எத்தனையாவது ரேங்க் என்பதை இல்லை. நூலகம் ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், வாத்தியார்கள் நிரந்தரமா இல்லை மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்குகிறவர்களா, நாலாவது வருஷப் பையன் லீவில் எங்கே போகிறான், இதைக் கேள். விளம்பரப் புத்தகத்தில் இருக்காது. வாசலில் டீ குடிக்கிற சீனியர் பையன்கள் சொல்வார்கள்.

லீவு என்றதும் ஞாபகம் வருகிறது. அஞ்சு வருஷப் படிப்பில் 20 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம், பார் கவுன்சில் விதி. தனியார் கல்லூரிப் பிள்ளைகள், அரசுக் கல்லூரிப் பிள்ளைகள், எல்லாரும் எங்களிடம் வருவார்கள். முதல் நாள் வந்து வணக்கம் சொல்வார்கள், கடைசி நாள் வந்து சர்டிபிகேட் கேட்பார்கள். நடுவில் ஆளையே காணோம். உண்மையைச் சொல்கிறேன், அந்த சர்டிபிகேட்டுகளில் சீல் குத்தியவன் நான்தான். பாவம் பார்த்துக் குத்தினேன். அதில் ரெண்டு பேர் இன்றைக்கு நகல் மனு ஒன்று போடத் தெரியாமல் முழிப்பதைப் பார்க்கும்போது, அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று தோன்றும்.

இப்போது உன் தொழிலில் ஒரு கணக்கு. கல்விக் கடன் எடுத்தால் படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் தவணை ஆரம்பிக்கும், நீ போட்டுக் கொடுத்த கடன்தானே. ஒரு வக்கீலுக்கு அந்த ஒரு வருஷம் எப்படி இருக்கும் தெரியுமா? பதிவுக் கட்டணம் இப்போது பிரச்சினை இல்லை. பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் போன வருஷம் சொல்லிவிட்டது. அகில இந்திய பார் தேர்வையும் எழுதிவிடலாம். அதற்கப்புறம்தான் இருக்கிறது. ஜூனியருக்கு மாதம் 15,000, சென்னை, மதுரை, கோவை என்றால் 20,000 கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2024-ல் சொன்னது. நம் பக்கத்துச் சீனியர்கள் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, பேப்பரை மடித்து வைத்து, டீ சொன்னார்கள். நான் பார்த்த ஜூனியர்களில் முக்கால்வாசிப் பேர் பஸ் காசும் மதியச் சாப்பாடும்தான் வாங்கினார்கள். அதுவும் மூணு வருஷம், நாலு வருஷம். நீதிபதி ஆகலாம் என்று பார்த்தால், அதற்கும் மூணு வருஷம் தொழில் பார்த்திருக்க வேண்டும் என்று போன மாதம் தீர்ப்பு வந்துவிட்டது.

கடனோடு வெளியே வருகிற பையன் இதில் நிற்க மாட்டான். கம்பெனி வேலைக்குத்தான் போவான். போகட்டும், அதில் தப்பில்லை. ஆனால் உன் பேரன் கோர்ட்டில் நின்று பேச ஆசைப்படுகிறான் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் அந்தத் தனியார் இடத்துக்குக் கட்டப் போகிற பணத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அவன் 23 வயதில் ஜூனியராக உட்காரும்போது மாதாமாதம் கொடு. கல்லூரிக்குக் கொட்டுவதைவிட அது பிரயோசனம். வீட்டில் சோறு போட ஆள் இருந்தவன்தான் நம் கோர்ட்டில் வக்கீலாக நிலைத்தான். இல்லாதவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ரியல் எஸ்டேட் பக்கம் போய்விட்டான். நீயும் நானும் சட்டம் படிக்க ஆசைப்பட்டு, நீ பாங்க் பரீட்சைக்கும் நான் குமாஸ்தா மேஜைக்கும் போனதும் இந்தச் சோற்றுக் கணக்கால்தானே.

திருச்சியில் சேர்த்துவிடு. நாவலூர் குட்டப்பட்டில் 2013-லிருந்து நடக்கிறது, அங்கேயும் கட்டணம் குறைவில்லைதான். ஆனால் மதுரைக் கிளை பக்கம். லீவில் நம் ஜில்லாக் கேஸ்கள் நடக்கிற இடத்தில் உட்காரலாம். ரெண்டு மாநிலம் தள்ளிப் போனால் சட்டம் ஒன்றுதான், ஆனால் சாட்சி பேசுகிற மொழி வேறு. கீழ்க்கோர்ட்டில் சாட்சியம் தமிழில் வரும், உயர் நீதிமன்றத்துக்குப் போனால் எல்லாம் ஆங்கிலம். ரெண்டிலும் நீந்தத் தெரிந்தவன்தான் இங்கே ஆள். இது குமாஸ்தா புத்தி, கோர்ட்டு வளாகத்தைத் தாண்டி எனக்கு உலகம் தெரியாது. பெரிய கம்பெனி, டெல்லி என்று அவன் நினைப்பு இருந்தால் நான் சொன்னதைத் தள்ளிவிட்டு உன் பட்டியலைப் பார்.

என் வீட்டில் நான் முதலில் மகள் பக்கம்தான் நின்றேன். பக்கத்தில் கல்லூரி, காசு செலவில்லை, சாயங்காலம் எங்கள் பழைய ஆபீஸில் கொண்டுபோய் உட்கார வைக்கலாம், போதாதா என்று. போன வாரம் மொட்டை மாடியில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது பேத்தியிடம் இதைச் சொன்னேன். கையிலிருந்த மிளகாயைக் கிள்ளிக்கொண்டே, "ராமநாதபுரம் கோர்ட்டுக்கு எப்படியும் திரும்பித்தான் வரப் போறேன் தாத்தா. அதனாலதான் அஞ்சு வருஷம் வெளிய இருக்கணும்" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அவள் அம்மா கீழே போய்விட்டாள். ரெண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. இப்போது, சென்னையில் விடுதி கிடைத்தால் போகட்டும் என்ற அளவுக்கு வந்திருக்கிறாள்.

நேற்று பேத்தி என் புத்தக அலமாரியைக் குடைந்தாள். பழைய தண்டனைச் சட்டமான இ.பி.கோ.வை எடுத்துக் கொடுத்தேன். "இது செத்துப் போச்சே தாத்தா" என்றாள். போன ஜூலை 1-லிருந்து அது இல்லைதான், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 போய் 103. நானூற்றி இருபதுக்கு இப்போது 318(4). ஊரெல்லாம் ஒருத்தனைத் திட்ட 318(4) என்றா சொல்வார்கள்? சிவில் நடைமுறைச் சட்டம் மட்டும் 1908-லிருந்து அப்படியே இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டாள். மற்றதை அவள் அம்மா எடுத்துப்போய், ஆடுகிற தையல் மெஷின் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள்.

கவுன்சலிங் தேதி வந்ததும் எழுதுகிறேன். பேரனை ஒரு வாரம் இங்கே அனுப்பு. ஜில்லா கோர்ட்டில் என் பழைய நாற்காலிக்குப் பின்னால் உட்கார வைக்கிறேன், சர்டிபிகேட் கேட்கக் கூடாது. வரும்போது அந்தத் தனியார் பல்கலைக்கழகப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல், தாள் கனமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, கருவாடு பொட்டலம் கட்ட உதவும். நெத்திலியும் ரெண்டு கிலோ குண்டு மிளகாயும் அவனிடமே கொடுத்து விடுகிறேன்.

உன்,
சேது