வெள்ள நாட்களில் கைகொடுத்தவர்களைப் பற்றி எழுதுங்கள்

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டு, மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போய், நாம் மொட்டைமாடிகளில் காத்திருந்தபோது, சென்னை மீனவர்கள் தம் படகுகளைத் தெருக்களுக்கே கொண்டுவந்து முன்பின் அறியாதவர்களை மீட்டார்கள். அவர்களில் பலர் 2004 சுனாமியில் உறவுகளையும் வலைகளையும் பறிகொடுத்த குப்பங்களிலிருந்து வந்தவர்கள் என்பதை எண்ணும்போது இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது.

எங்கள் தெருவுக்கு வந்தவர், இடுப்பளவு நீரில் ஒரு பாட்டியைத் தோளில் சுமந்து படகில் ஏற்றினார்; பாட்டியின் மாத்திரைப் பொட்டலத்தைத் தம் தலைத்துண்டுக்குள் செருகி நனையாமல் காத்தார். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

உங்களுக்கும் அன்று கைகொடுத்தவர்கள் இருப்பார்கள். அந்நினைவுகளை எழுத்தாகவோ குரல்பதிவாகவோ வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் இக்குழுவில் பகிருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.