கோல்ஃப் திடல் ஒயினும் சொல்லாமல் விட்ட விலையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோல்ஃப் பயிற்சித் திடலை ஒட்டிய ஓர் உணவகத்தில் நடைபெறும் ஒயின் சுவைப்பு விருந்தைப் பற்றி உங்கள் வார இறுதி இணைப்பில் ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் கண்ணைப் பறித்தன. அந்தி வானமும் உயர்ந்த வலையும் விளக்கொளியில் புல்வெளியுமாக இருந்த அந்தப் பக்கத்தில், "குழம்பும் ரசமும் பழகிய நாக்குக்கு ஒயினின் நுட்பம் பிடிபடச் சற்றுக் காலமாகும்" என்ற வரியும் இருந்தது. எழுதியவர் தமிழர், அச்சிட்டது தமிழ்ப் பத்திரிகை, படித்தவர்களில் பெரும்பாலோர் அன்று மதியம் ரசம் சாப்பிட்டவர்கள். ஆகவே அந்த அறிவுரை யாருக்கு என்பதில் எனக்கு ஐயமில்லை.

நான் சிங்கப்பூர் ஹோட்டல்களில் மது பரிமாறியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவன். ஒயினைத் தாங்கி நிற்பது அதன் புளிப்பு என்பது இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வது. கொதிக்கும் ரசத்தின் ஆவியை முகர்ந்தே பழைய புளியா புதுப்புளியா என்று சொல்லிவிடும் ஒரு வீட்டில் வளர்ந்தவனுக்கு, அந்தப் பாடத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. துவர்ப்பையும் அறுசுவைகளில் ஒன்றாக வைத்து எண்ணியவர்கள் நாம். வாழைப்பூவை நறுக்கியவுடன், கறுக்காமலும் துவர்ப்பு குறையவும் மோரில் போடுகிறோம். சிவப்பு ஒயினோடு பாலாடைக்கட்டியை வைக்கும் ஐரோப்பியரும் பாலின் புரதத்தைக் கொண்டுதான் துவர்ப்பை அடக்குகிறார்கள். இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல. உங்கள் கட்டுரையாளருக்குச் சொல்ல மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

கட்டுரையை நம்பி நானும் என் மனைவியும் அங்கு சென்றோம். பந்தடிக்கும் மேடைகளுக்குப் பக்கத்திலேயே திறந்தவெளியில் மேசைகள். கொசுவுக்குப் பயந்து விருந்தினர்கள் கைகால்களில் மருந்தைத் தெளித்துக்கொண்டிருக்க, அந்த நெடிக்கு நடுவே கோப்பையை முகர்ந்து மணத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். முதலில் ஊற்றியது இனிப்பு ஒயின். அதற்குப் பின் வந்த இனிப்பில்லாத வெள்ளை ஒயின், பாவம், வெறும் புளித்த நீராகத்தான் நாக்கில் பட்டது. சம்பால் என்ற மிளகாய் விழுது பூசிய திருக்கை மீனுக்குத் துணையாக ஆஸ்திரேலியாவின் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் வந்தது. புட்டியில் 14.5 விழுக்காடு என்று போட்டிருந்தது; அவ்வளவு மதுச்சத்து மிளகாயின் எரிச்சலைத் தூண்டிவிடும் என்பது சமையலறையில் நிற்கிற எவருக்கும் தெரியும். அதே மீனுக்கு ஜெர்மனியின் மோசல் பகுதியிலிருந்து வரும், சற்றே இனிப்புள்ள, மதுச்சத்துக் குறைந்த ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினைக் கொடுத்திருந்தால் நம் காரத்துக்கு ஒயின் ஒத்துவருமா என்ற கேள்வியே எழுந்திருக்காது. குறை நாக்கில் இல்லை, ஐயா, தேர்வில் இருந்தது.

சிவப்பு ஒயினை 16 முதல் 18 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் பரிமாற வேண்டும். அங்கே புட்டிகள் மாலையிலிருந்தே வெளிமேசையில் நின்றுகொண்டிருந்தன. கொஞ்சம் குளிரவைத்துத் தரும்படி கேட்டபோது பரிமாறிய இளைஞர் பனிக்கட்டிகளைக் கொண்டுவந்து கோப்பையிலேயே போட முற்பட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். சொல்லிக்கொடுக்க ஆளில்லாத இடத்தில் பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள்.

சுவைத்த ஒயினைத் துப்புவதற்கு ஒரு பாத்திரம்கூட வைக்கவில்லை. ஐந்து வகையையும் விழுங்கத்தான் வேண்டும். கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பலர் காரில் வருகிறவர்கள். இந்நாட்டில் 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராமுக்கு மேல் மதுச்சத்து இருந்தால் வாகனமோட்டுவது குற்றம். உங்கள் கட்டுரையோ, "நிதானமாக அருந்திவிட்டு, ஒரு கூடை நிறைய கோல்ஃப் பந்துகளை அடித்துவிட்டுக் கிளம்பலாம்" என்று முடிகிறது. எதில் கிளம்புவது என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

இனி விலை. ஒருவருக்கு 98 சிங்கப்பூர் வெள்ளி என்று அச்சிட்டிருந்தீர்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகையின் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியுமாக, எங்கள் இருவருக்கும் வந்த கணக்கு 235 வெள்ளி. நீங்கள் சொன்ன விலையைவிட 39 வெள்ளி கூடுதல். சேவைக் கட்டணம் வசூலிக்கும் உணவகங்கள் வரியைச் சேர்க்காமல் விலை காட்டலாம் என்று விதிவிலக்கு இருப்பது எனக்குத் தெரியும். அந்த விலக்கு பத்திரிகைகளுக்கும் உண்டு என்பதை இப்போதுதான் அறிகிறேன். அந்தச் சேவைக் கட்டணம் பரிமாறியவர் கைக்கே போகிறது என்று வாசகர்கள் நினைத்துக்கொண்டிருந்தால், நான் வேலை பார்த்த இடங்களில் அது ஒருநாளும் முழுதாக என் கைக்கு வந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மதுவுக்கான தீர்வை அதிகம் என்று கட்டுரை சமாதானம் சொல்கிறது. ஒயினுக்குத் தீர்வை, அதிலுள்ள தூய மதுச்சத்தில் லிட்டருக்கு 88 வெள்ளி. 13 விழுக்காடு கொண்ட 750 மில்லிலிட்டர் புட்டிக்கு அது 9 வெள்ளியைக்கூட எட்டாது. ஒரு புட்டியைப் பலருக்குப் பங்கிட்டு ஊற்றும் விருந்தில், எஞ்சிய விலைக்கும் தீர்வையையே காரணம் காட்ட முடியாது.

சென்ற தீபாவளியின்போது நீங்கள் வெளியிட்ட ஹோட்டல் விருந்துப் பட்டியலிலும் இதே குறைதான். அப்போதும் எழுதினேன்; என் கடிதத்தில் வாழ்த்துச் சொன்ன வரிகள் மட்டும் வெளிவந்தன. சிராங்கூன் சாலையில் வாழையிலைச் சாப்பாடு போடுகிறவர் 50 காசு ஏற்றினால் அதைச் செய்தியாக்கி, வாடிக்கையாளரின் வருத்தத்தையும் வாங்கிப் போடுகிறீர்கள். கோல்ஃப் திடலில் 39 வெள்ளி ஏறினால் அந்தி வானத்தின் படம் போடுகிறீர்கள். கட்டுரையாளர் தம் காசில் சாப்பிட்டாரா, உணவகத்தின் விருந்தினராகச் சென்றாரா என்று கேட்பது மரியாதைக் குறைவாகும் என்பதால் கேட்கவில்லை.

நான் வேண்டுவது ஒன்றுதான். இனிமேல் உணவக விமர்சனங்களின் கீழே, சேவைக் கட்டணமும் வரியும் சேர்த்து ஒருவர் செலுத்த வேண்டிய மொத்தத் தொகையை ஒரே வரியில் அச்சிடுங்கள். இக்கடிதத்தையும் சுருக்க நேர்ந்தால் வாழைப்பூவை எடுத்துவிடுங்கள்; கணக்கை எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
தோ பாயோ