பச்சைப் பொட்டும் மஞ்சள் பொட்டும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் வாடகைப் புத்தகக் கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற அலமாரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். போட்டித் தேர்வுப் புத்தகங்களும் சுயமுன்னேற்றப் புத்தகங்களும் உள் அறைக்குப் போய்விட்டன. அந்த இடத்தில் இப்போது காதல் நாவல்களும், வாய்விட்டுச் சிரிக்க வைக்கிற நாவல்களும் இருக்கின்றன. "படிக்கிற பிள்ளைகள் வந்து போகிற இடத்தில் இதையெல்லாம் ஏன் முன்னால் வைத்தீர்கள்?" என்று சிலர் கேட்டார்கள். பின்னட்டையின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பச்சைப் பொட்டு எதற்கு, மஞ்சள் பொட்டு எதற்கு என்று இன்னும் பலர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் பாதிப் பதில் சொல்வதைவிட, எல்லாருக்குமாக உட்கார்ந்து எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

நம் கடை மதுரை செனாய் நகரில், பெரியாஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. அங்கே விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம், தேனி என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வருகிறார்கள். அவர்களுக்குத் துணைக்கு வந்து, நாள் கணக்காக வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் நம்மிடம் வருவார்கள். ஒரு கையில் பிளாஸ்க், இன்னொரு கையில் மாத்திரைச் சீட்டு. அவர்கள் கேட்பது அநேகமாக ஒன்றுதான்: "மனசுக்கு இதமா ஒரு கதை குடுங்கக்கா. அதுல யாரும் சாகக் கூடாது." அவர்களை உள் அறைக்கு அனுப்பி அலமாரி அலமாரியாகத் தேட விடுவது நியாயமாகப் படவில்லை. அலமாரி முன்னால் வந்ததற்கு முதல் காரணம் இவர்கள். பொட்டு வந்ததற்கும் இவர்கள்தான் காரணம்.

பச்சைப் பொட்டு என்றால் முடிவு நல்லபடியாக இருக்கும், நம்பி எடுத்துப் போகலாம். மஞ்சள் பொட்டு என்றால் கதை அருமையானது, ஆனால் கண்ணீர் உண்டு. முடிவை முன்கூட்டியே தெரிந்துகொள்ளப் பிடிக்காதவர்களுக்காகத்தான் பொட்டைப் பின்னட்டையின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். பிரித்துப் பார்க்காமல் எடுத்துப் போகலாம்.

எந்தப் புத்தகத்துக்கு எந்தப் பொட்டு என்று முடிவு செய்ய, எல்லாவற்றையும் மறுபடி படித்தேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து இவற்றைப் படித்து வருகிறவள் நான். காதல் கதையில் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த இரண்டு பேரையும் முந்நூறு பக்கம் சேர விடாமல் வைத்திருப்பது எது? அந்தத் தடை உண்மையாக இருந்தால் கதை நிற்கும். ஒரு நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடுகிற தடையாக இருந்தால், பாதிப் புத்தகத்துக்கு மேல் நமக்குக் கோபம்தான் வரும். சிரிப்புக் கதையை எழுதுவது இதைவிடக் கஷ்டம். எழுதி ஐம்பது வருஷம் கழித்துப் படித்தாலும் சிரிப்பு வர வேண்டுமே! இந்த அலமாரியை முன்னால் வைக்க எனக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

அலமாரியில் நடு வரிசையில் நிற்பது தில்லானா மோகனாம்பாள். கொத்தமங்கலம் சுப்பு, கலைமணி என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை, கோபுலுவின் படங்களோடு வந்தது. 1968-ல் வந்த படத்தைப் பார்க்காதவர்கள் மதுரையில் குறைவு. அதனாலேயே 'கதைதான் தெரியுமே' என்று புத்தகத்தைத் தொடாமல் போய்விடுகிறார்கள். தயவுசெய்து தொடுங்கள். படத்தில் வந்ததைவிடப் புத்தகத்தில் பல மடங்கு மனிதர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கச்சேரிப் பயணங்கள், கூட வாசிக்கிற செட்டுக்காரர்களின் வம்பு, சாப்பாடு, சண்டை, சமாதானம் எல்லாம் விஸ்தாரமாக வரும். நாதஸ்வர வித்வான் சண்முகசுந்தரத்தையும் நாட்டியக்காரி மோகனாவையும் பிரித்து வைப்பது என்ன? இவருடைய நாயனத்துக்கு ஒரு கர்வம், அவளுடைய சலங்கைக்கு ஒரு கர்வம். இரண்டும் நியாயமான கர்வம். தன் தொழிலில் உச்சியில் இருக்கும் இரண்டு பேர், யார் முதலில் தலை வணங்குவது என்று தவிக்கிறார்கள். இதை விட அசலான தடை எந்தக் காதல் கதையிலும் நான் பார்த்ததில்லை. நடுநடுவே வைத்தி வந்து குட்டையைக் குழப்பும்போதெல்லாம் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும். பச்சைப் பொட்டு.

நம் ஊர்க் கதை என்றால் குறிஞ்சி மலர். மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்த நா. பார்த்தசாரதி, மணிவண்ணன் என்ற பெயரில் கல்கி இதழில் எழுதியது. பேராசிரியரின் மகள் பூரணி திருப்பரங்குன்றத்தில் தம்பி தங்கைகளோடு தனியாகிவிடுகிறாள். அச்சகத்தில் வேலை பார்க்கிற அரவிந்தன் அவள் வாழ்க்கைக்குள் வருகிறான். திருப்பரங்குன்றத்திலிருந்து வருகிற வாடிக்கையாளர்கள் இதைப் படித்துவிட்டு, "அந்தத் தெருவில்தான் நாங்களும் இருக்கிறோம்" என்று சொல்லும்போது முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்த பெற்றோர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். தூர்தர்ஷன் தொடரில் அரவிந்தனாக நடித்தவர் மு.க. ஸ்டாலின். இங்கே தடையாக நிற்பது லட்சியம். தனக்கு என்று எதையும் கேட்டுக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிற இரண்டு பேர். அது சிலருக்குக் கொஞ்சம் கனமாக இருக்கும். எனக்கு அந்தக் கனம் பிடிக்கும். ஆனால் இதற்கு மஞ்சள் பொட்டுதான். வார்டுக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு நானே கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு வேறு கொடுப்பேன், வருத்தப்படாதீர்கள்.

அப்படி மாற்றிக் கொடுப்பது அநேகமாக தேவனுடைய புத்தகமாக இருக்கும். எழுத்தாளர் கல்கி விலகிய பிறகு ஆனந்த விகடனின் பொறுப்பில் இருந்தவர், 1957-ல் 43 வயதிலேயே காலமாகிவிட்டார். அந்தக் குறுகிய காலத்தில் எவ்வளவு எழுதிவிட்டார்! துப்பறியும் சாம்புவை எல்லாருக்கும் தெரியும். பேங்க் குமாஸ்தா சாம்பு ஏதாவது அசட்டுத்தனம் செய்து வைப்பார், அதுவே துப்பாகிக் குற்றவாளி மாட்டிக்கொள்வான். நான் சொல்ல வருவது, அதில் வருகிற வேம்புவைப் பற்றி. ஊரே மேதை என்று கொண்டாடுகிற மனிதருக்கு வீட்டில் ஒரு மனைவி, அவர்களுக்குள் நடக்கிற பேச்சு. காதல் என்ற பேச்சையே எடுக்காமல் தேவன் அதை எழுதிவிடுவார். மிஸ்டர் வேதாந்தத்தில் சொத்தை இழந்த இளைஞன் எழுத்தை நம்பிச் சென்னைக்குப் போகிறான், ஊரில் செல்லம் இருக்கிறாள். இங்கே தடை பணம்தான். கைக்கு நாலு காசு வராமல் கல்யாணப் பேச்சை எடுக்க முடியாத கஷ்டத்தை இவ்வளவு லேசான கையால் எழுதியவர் வேறு யார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பாக்கியம் ராமசாமியின் அப்புசாமியும் சீதாப்பாட்டியும் இதே வரிசையில்தான். குமுதத்தில் வந்தது, ஜெயராஜ் படம் போட்டது. பாட்டிகள் முன்னேற்றக் கழகத் தலைவியாக ஆங்கிலம் பொழிகிற பாட்டி, அவளிடமிருந்து எப்படியாவது கொஞ்சம் காசு கறக்கப் பார்க்கிற தாத்தா. 'இது வெறும் காமெடி, காதல் கதை இல்லை' என்று ஒருவர் வாதம் செய்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தனை சண்டைக்குப் பிறகும் ஒருவர் இல்லாமல் மற்றவர் அரை நாள் தாங்க மாட்டார்கள். அது காதல் கதை இல்லையென்றால் எது காதல் கதை?

ரமணிசந்திரனுக்கு ஒரு முழுத் தட்டு கொடுத்திருக்கிறோம். 150-க்கும் மேல் எழுதியவருக்கு அது போதவே போதாது. ஒரே மாதிரி இருக்கிறது என்று சிலர் குறை சொல்வதுண்டு. முறைப்பான பணக்கார நாயகன், தன்மானம் உள்ள பெண், நடுவில் ஒரு தப்பர்த்தம், கடைசியில் சமாதானம். ஆமாம், அநேகமாக அப்படித்தான். அப்படித்தான் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்குத்தான் அவர் எழுதினார். நாள் முழுக்க ஜவுளிக் கடையில் நின்று வேலை செய்துவிட்டு, கடைசி பஸ்ஸில் சமயநல்லூருக்கோ திருமங்கலத்துக்கோ போகிற பெண்ணுக்கு, அந்த நாற்பது நிமிடத்தில் ஏமாற்றாத ஒரு புத்தகம் வேண்டும். மேலே நான் தடையைப் பற்றிச் சொன்ன அளவுகோலில் இவற்றில் சில தேறாது, அதையும் மறைக்கவில்லை. தேறுகிறவை எவை என்று கேட்டால் எடுத்துக் காட்டுகிறேன்.

லக்ஷ்மியை இப்போது கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மருத்துவம் படிக்கும்போதே எழுதத் தொடங்கியவர், பிறகு டாக்டராகவும் எழுத்தாளராகவும் இருந்தவர். ஒரு காவிரியைப் போல நாவலுக்கு 1984-ல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. படித்து, சொந்தக் காலில் நிற்க நினைக்கும் பெண்களின் கதையை அவ்வளவு முன்பே எழுதியவர். லேடி டோக், மீனாட்சி கல்லூரி மாணவிகள் யாராவது இவரிடமிருந்து தொடங்கிப் பாருங்கள். இவருடைய 'பெண் மனம்' நாவல் இரண்டு பிரதி இருக்கிறது.

சுஜாதாவின் பிரிவோம் சந்திப்போம் மஞ்சள் பொட்டு. பாபநாசத்தில் ரகுவும் மதுமிதாவும் பழகுகிற அந்த முதல் பகுதி முழுக்கக் குறும்பும் துள்ளலும்தான். அப்புறம் அமெரிக்காவிலிருந்து மாப்பிள்ளை வருகிறார். இரண்டாம் பாகத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க மாட்டேன். கல்கியின் கள்வனின் காதலியும் மஞ்சள்தான், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பொன்னியின் செல்வனும் சாண்டில்யனும் சரித்திரப் பகுதியில் பழைய இடத்திலேயே இருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் படிக்கிறவர்களுக்குக் கீழ்த்தட்டு. லண்டனில் 1908-ல் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் நிறுவனத்தின் காதல் நாவல்கள் எல்லாமே பச்சைதான். ஆனால் ஒன்றே ஒன்று எடுப்பதாக இருந்தால் ஜேன் ஆஸ்டின் 1813-ல் வெளியிட்ட பிரைட் அண்ட் பிரெஜுடிஸ். ஐந்து பெண்களைப் பெற்று வரன் தேடி அலைகிற அம்மாவைப் படிக்கும்போது நம் ஊர் மண்டபங்களில் பார்த்த முகங்கள் ஞாபகம் வரும். டார்சி கல்யாணத்துக்குக் கேட்பதும் எலிசபெத் மறுப்பதும் புத்தகத்தின் நடுவிலேயே நடந்துவிடும். மீதிப் பாதி முழுக்க இரண்டு பேரும் தங்கள் குணத்தைத் திருத்திக்கொள்கிறார்கள். வில்லனும் வேண்டாம், விபத்தும் வேண்டாம். தடை அவர்களுக்குள்ளேயே இருக்கிறது.

இனி விதிகள். வாடகை எப்போதும் போல விலையில் 10 சதவீதம். துணைக்கு இருப்பவர்கள் ஆஸ்பத்திரி பாஸைக் காட்டினால் போதும், டெபாசிட் கிடையாது. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் திருப்பிக் கொடுத்தால் சரி, தாமதக் கட்டணமும் கிடையாது.

வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து வீட்டிலேயே தைத்து வைத்த பைண்டிங் தொகுதிகளை மட்டும் வெளியே தர மாட்டோம். அதில் சிலருக்கு வருத்தம் உண்டு. காரணத்தைச் சொல்கிறேன். அந்தப் பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது. வெளிச்சமும் வெயிலும் பட்டால் பழுப்பேறி, மடித்த இடத்தில் அப்பளம் போல் உடைந்துவிடும். ஜெராக்ஸ் மெஷினில் கவிழ்த்து அழுத்தினால் முதுகுத் தையல் விட்டுப்போகும். செலோடேப் ஒட்டினால் அந்தப் பசையே தாளைக் கெடுக்கும். அச்சுப் புத்தகங்களில் பல சமயம் விட்டுவிடுகிற வாராந்திரப் படங்கள், பக்கத்து ஓரத்தில் யாரோ ஒரு அம்மா பென்சிலில் எழுதிய 'பாவம் மோகனா' எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஜன்னலை ஒட்டி இரண்டு நாற்காலி போட்டிருக்கிறோம். வந்து உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படியுங்கள், அதற்குக் காசு இல்லை.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படிப்பட்ட பைண்டிங் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடும் முன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம், உரிய விலையும் கொடுக்கிறோம். ஒரு பகுதி, இரண்டு பகுதி குறைந்தாலும் பரவாயில்லை.

சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை அன்றும், அழகர் ஆற்றில் இறங்கும் அன்றும் கடை இருக்காது. கோரிப்பாளையத்திலிருந்து இந்தப் பக்கம் வண்டி வர வழியும் இருக்காது. அந்த இரண்டு நாளும் வாடகைக் கணக்கில் சேராது. முந்தின நாள் சாயங்காலமே வந்து எடுத்துக்கொள்ளுங்கள், அன்று ஒன்பது மணி வரை திறந்திருப்போம்.

அன்புடன்,
உங்கள் வாடகை நூல் நிலையத்திலிருந்து,
செனாய் நகர், மதுரை