மேசையில் சோப்பு வைக்க வேண்டாம், நேரில் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணியிடங்களில் ஏற்படும் மனத்தாங்கல்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் அவ்வப்போது எழுதிவருகிறது. சம்பளம், பதவி உயர்வு, மேலதிகாரியின் கெடுபிடி என்று பலவும் பேசப்படும் அப்பக்கங்களில், பக்கத்து இருக்கையில் இருப்பவரின் உடலிலிருந்தோ வாயிலிருந்தோ உடையிலிருந்தோ வரும் துர்நாற்றம் மட்டும் பேசப்படாமலே போகிறது. ஓர் அலுவலகப் பிரிவின் மேற்பார்வையாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றி, இதைச் சிலரிடம் நேரில் சொல்ல வேண்டிய பொறுப்பை ஏற்றவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இவ்விஷயத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: சம்பந்தப்பட்டவரைத் தவிர மற்ற அனைவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அவர் வந்து அமர்ந்ததும் ஜன்னல் திறக்கப்படுகிறது. மின்விசிறி திருப்பி வைக்கப்படுகிறது. கூட்ட அறையில் அவருக்கு இருபுறமும் நாற்காலிகள் காலியாகவே கிடக்கின்றன. அவர் காதில் விழும்படி ஜாடைமாடையாக யாரோ ஏதோ சொல்கிறார். பிறகு ஒருநாள் அவர் மேசையில் ஒரு சோப்புக் கட்டியோ, கையெழுத்தில்லாத ஒரு துண்டுச் சீட்டோ வந்து சேர்கிறது.

இவற்றுள் மிகக் கொடியது அந்தச் சீட்டுதான். அதை எழுதியவருக்கு மனப்பாரம் இறங்கிவிடுகிறது. படித்தவருக்கோ அந்த நொடியிலிருந்து அறையிலுள்ள ஒவ்வொருவர் முகத்திலும் அதை எழுதியவர் தெரிகிறார். அது உண்மையா, எப்போதிலிருந்து, உடலிலா உடையிலா என்று யாரிடமும் கேட்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022 முதல் ஒரு மனநலக் கோளாறு தனியாக இடம்பெற்றிருக்கிறது: தன்னிடமிருந்து நாற்றம் வருகிறது என்று, அப்படி எதுவும் இல்லாதபோதும், ஓயாமல் அஞ்சி மனிதர்களை விட்டே விலகிப்போகும் நிலை அது. அந்த அச்சத்தில் ஏற்கெனவே உழலும் ஒருவர் கையில் இத்தகைய சீட்டு கிடைத்தால் என்ன ஆகும் என்று, அதை எழுத நினைப்பவர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

‘இவ்வளவு நாறுவது அவருக்கே தெரியாதா?’ என்று பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் தெரியாது என்பதே உண்மை. தொடர்ந்து இருக்கும் எந்த வாடைக்கும் மூக்கு சில நிமிடங்களிலேயே பழகி, அதை உணர்வதை விட்டுவிடுகிறது. தன் உடலின் வாடையோடு நாள் முழுவதும் இருப்பவரிடம் அதை அறிந்துகொள்ளும்படி எதிர்பார்ப்பது நியாயமில்லை. கொரோனா தொற்றுக்குப் பிறகு முகரும் திறன் குறைந்துபோனவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர் வேண்டுமென்றே அலட்சியமாக இருக்கிறார் என்ற முடிவோடு பேச்சைத் தொடங்கினால் அது முதல் சொல்லிலேயே தவறிவிடும்.

‘குளிப்பதில்லை’ என்ற முடிவும் அப்படித்தான். வியர்வைக்கென்று பெரிதாக நாற்றம் எதுவும் கிடையாது. அக்குள் போன்ற இடங்களில் பருவ வயதில் செயல்படத் தொடங்கும் ஒருவகைச் சுரப்பிகளிலிருந்து வரும் திரவத்தைத் தோலிலுள்ள பாக்டீரியாக்கள் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. அந்தப் பாக்டீரியாக்கள் உடையிலும் தங்குகின்றன. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடற்பயிற்சி செய்தவர்களின் சட்டைகளை ஒப்பிட்டு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பருத்தியைவிடப் பாலியஸ்டர் துணியிலேயே வாடை மோசமாக இருந்ததையும், நாற்றத்தை உண்டாக்கும் ஒருவகைப் பாக்டீரியா அதில் நன்றாகப் பெருகுவதையும் கண்டார்கள். என் பிரிவில் இருந்த ஓர் இளைஞர் இருவேளையும் தவறாமல் குளிப்பவர். ஆனால் நிறுவனம் கொடுத்த சீருடை முழுக்க முழுக்கப் பாலியஸ்டர், அதிலும் இருந்தது ஒரே ஒரு செட். இரவில் துவைத்து, சரியாகக் காயாத நிலையில் காலையில் அதையே அணிந்து வந்துகொண்டிருந்தார். இன்னும் இரண்டு செட் சீருடை வழங்கப்பட்டதும் பிரச்சினை தீர்ந்தது. அதுவரை அவரைப் பற்றிச் சொல்லப்பட்ட சொற்களை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

நோயும் காரணமாக இருக்கலாம். அளவுக்கு மீறி வியர்ப்பது ஒரு நோய்; அதற்குச் சிகிச்சை உண்டு. வாய் துர்நாற்றம் பெரும்பாலும் ஈறு நோயாலோ நாக்கின் பின்பகுதியில் படியும் படிவாலோ வருகிறது. வாயை உலரச் செய்யும் மாத்திரைகளும் அதைக் கூட்டும். அரிதாகச் சிலருக்கு, ட்ரைமெத்திலமின் என்ற பொருளைச் சிதைக்க உடலால் முடியாத பரம்பரைக் குறைபாட்டினால், எத்தனை முறை குளித்தாலும் மீன் போன்ற வாடை வந்துகொண்டே இருக்கும். இவை எல்லாவற்றையும்விட நான் கவலையோடு கவனிக்கச் சொல்வது ஒன்று உண்டு. முன்பு நேர்த்தியாக வந்துகொண்டிருந்த ஒருவர், சில வாரங்களாகத் தலை வாராமல், உடை மாற்றாமல் வருகிறார் என்றால் அது மனச்சோர்வின் அடையாளமாக இருக்கலாம். வீட்டில் ஏதோ இடிந்துபோயிருக்கலாம். அவரிடம் முதலில் கேட்க வேண்டியது அவர் நலமாக இருக்கிறாரா என்பதைத்தான்.

இதற்காக, நாற்றத்தைச் சகித்துக்கொண்டு வேலை செய்பவர்களின் துன்பத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கடுமையான வாடை குமட்டலையே வரவழைக்கும். அவர்கள் புகார் சொல்வது நியாயமானது. அதைக் காதில் வாங்கிக்கொண்டு, ‘கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்’ என்று திருப்பி அனுப்பும் மேலாளர் தன் வேலையைத் தட்டிக்கழிக்கிறார். அதே நேரத்தில், ஒருவரின் பிறப்பையோ நிறத்தையோ செய்யும் வேலையையோ இழிவுபடுத்த ‘நாற்றம்’ என்ற பழி உலகெங்கும் ஆயுதமாகப் பயன்பட்டிருக்கிறது. ஆகவே, புகார் வந்தால் மேலாளர் முதலில் புகாருக்கு உள்ளானவர் அருகில் சிறிது நேரம் அமர்ந்து தன் மூக்கால் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

உறுதியான பிறகு, ஒரே ஒருவர் சொல்ல வேண்டும். மேலாளர் சொல்வதே முறை. அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் அவருக்கு மிக நெருங்கியவர் சொல்லலாம். கதவு மூடிய அறையில், வேலை முடியும் நேரத்தில் சொல்வது நல்லது. காலையில் சொல்லிவிட்டால் பாவம், அன்று முழுவதும் அவர் கூனிக்குறுகி உட்கார்ந்திருக்க நேரும். நான் சொல்லிவந்த வார்த்தைகள் ஏறத்தாழ இவைதான்: “உங்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், சொல்வதற்கு எனக்கும் தயக்கமாகத்தான் இருக்கிறது. கொஞ்ச நாளாக உங்களிடமிருந்து வியர்வை வாடை வருகிறது. உங்களுக்குத் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன். உடையினால் இருக்கலாம், உடம்புக்கு ஏதாவது என்றும் இருக்கலாம். என்னால் ஆகக்கூடியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.” இதற்கு மேல் பேசாமல் நிறுத்திவிட வேண்டும். ‘எல்லோரும் சொல்கிறார்கள்’ என்ற சொற்றொடர் மட்டும் வாயில் வரவே கூடாது. அது ஒரே வாக்கியத்தில் ஒரு அறை முழுவதையும் அவருக்கு எதிராக நிறுத்திவிடும். அவர் கோபப்படலாம், அழலாம், எதுவும் பேசாமல் எழுந்து போகலாம். எதுவாயினும், அறையைவிட்டு வெளியே வந்த பின் அந்தப் பேச்சு இன்னொருவர் காதுக்குப் போகக் கூடாது. சென்ட் அடித்துக்கொண்டு வரும்படி யோசனை சொல்வதும் வேண்டாம். வியர்வையோடு கலந்த சென்ட் வாடை மேலும் மோசம் என்பதோடு, ஆஸ்துமா உள்ள சக ஊழியர்களுக்கு அது கேடாகவும் முடியும்.

நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உடலுழைப்பைக் கேட்கும் வேலையைக் கொடுத்துவிட்டு, கைகால் கழுவத் தண்ணீரும், உடை மாற்ற ஓர் அறையும், மாற்றுச் சீருடையும் தராத முதலாளிக்கு ஊழியரின் தூய்மையைப் பற்றிப் பேச எந்த உரிமையும் இல்லை. வேலையின் அளவை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கெல்லாம் மேலாளர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். இப்படி ஒரு பேச்சை எப்படித் தொடங்குவது என்று யாரும் கற்றுத்தருவதில்லை. பயிற்சி வகுப்பில் அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்கினால்கூடப் போதும். தங்கள் நாளிதழும் தோல் மருத்துவர், பல் மருத்துவர், மனநல மருத்துவர் ஆகியோரின் கருத்துகளோடு ஒரு கட்டுரை வெளியிட்டால் பலருக்கு உதவியாக இருக்கும்.

சொன்ன பிறகு இரண்டு மூன்று வாரங்கள் விட்டுவிடுங்கள். அதற்குள் அவரே தயங்கித் தயங்கி வந்து, “இப்போது பரவாயில்லையா?” என்று கேட்கக்கூடும். மனம் நோகுமே என்று பொய் சொல்லாமல், குறைந்திருந்தால் குறைந்திருக்கிறது என்றும், இன்னும் இருந்தால் இருக்கிறது என்றும் சொல்லுங்கள்; இருக்கிறது என்றால், மருத்துவரைப் பார்த்து வர அவருக்கு ஒருநாள் விடுப்பும் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர் ஒருவர்