நாடகம் ஆறரைக்கு, சாப்பாடு எப்போது?

மக்களே,

நீ அனுப்பிய ஏழு ஓட்டல் பட்டியலை அப்பாவும் நானும் நேற்று ராத்திரி திண்ணையில் இருந்து வாசித்தோம். வாசித்தோம் என்றால், நான் ஒவ்வொரு பேராகச் சொல்லச் சொல்ல அவர் "அங்கே என்ன கிடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மொட்டைமாடி ஓட்டல் படத்தில் மேசைமேல் மெழுகுவர்த்தி எரிந்ததைப் பார்த்துவிட்டு "ஏன், அங்கே கரண்டு இல்லையா?" என்றார். உன் பட்டியலில் எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் இருக்கிறது, படம் இருக்கிறது, கோவளத்தில் ஒன்றுக்குக் கடல்கூட இருக்கிறது. வழுதக்காட்டில் டாகூர் தியேட்டர் வாசலில் இருந்து எத்தனை நேரம் ஆகும், எத்தனை படி ஏறவேண்டும், கேட்ட சாப்பாடு எப்போது வரும் என்பது மட்டும் எதிலும் இல்லை. எனக்கு வேண்டியது அதுதான்.

கோபப்படாதே. முதல் சம்பள உயர்வில் அப்பாவையும் அம்மாவையும் நாடகத்துக்குக் கூட்டிப்போய் நல்ல ஓட்டலில் சாப்பாடு வாங்கித் தரவேண்டும் என்று நீ நினைத்ததே எனக்கு வயிறு நிறைந்த மாதிரி. காசு நீயே கொடு, அதில் தகராறு இல்லை. ஓட்டலை மட்டும் நான் சொல்கிறேன்.

உனக்கு நினைவிருக்காது, அப்போது நீ மூன்றாம் வகுப்பு. இதேபோல திருவனந்தபுரத்தில் ஒரு நாடகம். அப்பாவுக்கு ஆபீசில் யாரோ ஒரு ஓட்டலைச் சொல்லி, அங்கே கரிமீன் பொரித்தது சாப்பிடாமல் வந்தால் பாவம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஐந்தே முக்காலுக்குப் போய் உட்கார்ந்தோம். தண்ணீர் வந்தது, சாப்பாட்டு அட்டை வந்தது, ஆறேகால் வரைக்கும் வேறொன்றும் வரவில்லை. கேட்டால் "இப்போ வரும் சாரே" என்று சிரித்துக்கொண்டே போகிறான். மீன் வந்தபோது மணி ஆறரை. நீ பசியில் அழுகிறாய், அப்பா தட்டையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். பாதி தின்று, மீதியைத் தாளில் மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டு ஓடினோம். உள்ளே இருட்டில் பத்துப் பேர் காலை மிதித்து எங்கள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, மேடையில் ஒருத்தி யாரையோ நினைத்து அழுதுகொண்டிருந்தாள். யார் செத்தார்கள் என்று கடைசிவரை எங்களுக்குப் புரியவில்லை. அதைவிடக் கேடு, கொஞ்ச நேரத்தில் மீன் வாசம் எழும்பிவிட்டது. முன்வரிசைக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார், அப்பாவும் அவரோடு சேர்ந்து, நான் யாரோ என்பதுபோல, என்னைத் திரும்பிப் பார்த்தார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்றைக்குத்தான் ஒன்று தெரிந்தது. நாடகத்துக்கு முன்னால் பெரிய சாப்பாட்டுக்கு உட்காரக்கூடாது. சமைத்துக் கொண்டுவருகிறவன் கையில் நம் நேரத்தைக் கொடுத்துவிட்டால் பிறகு அது நமக்குத் திரும்பக் கிடைக்காது.

எங்கள் சின்ன வயசில் இந்தச் சிக்கலே கிடையாது. திருவட்டாறு கோயில் திருவிழாவுக்கு உன் தாத்தா என்னைக் கதகளி பார்க்கக் கூட்டிப்போவார். சாயங்காலம் கேளிகொட்டு கேட்கும், செண்டையும் மத்தளமும் சேர்ந்து, இன்றைக்கு ஆட்டம் உண்டு என்று ஊருக்குச் சொல்கிற மேளம். அதைக் கேட்டபிறகு வீட்டில் உலை வைத்தால் போதும். கஞ்சியும் பயறும் குடித்துவிட்டு, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடப்போம், ஆட்டம் தொடங்க ஒன்பது பத்து ஆகிவிடும், பிறகு விடியும்வரை. நான் பாதியில் தூங்கிவிடுவேன், அசுரன் அலறும்போது தாத்தா தட்டி எழுப்புவார். நடுராத்திரிக்கு மேல் மதிலோரம் ஒரு கிழவியிடம் சுக்குக்காப்பி கிடைக்கும், மரச்சீனிக்கிழங்கு அவித்தது கிடைக்கும், அந்தக் குளிரில் அதற்கு ஈடாக எந்த ஓட்டலும் வராது. வயிறு முதலில், ஆட்டம் பிறகு என்பதுதான் ஒழுங்கு. கொட்டகை நாடகத்திலும் தின்பண்டம் வாசலிலேயே உண்டு. நம்ம ஒழுகினசேரிக்காரர் கலைவாணரே நாடகக் கொட்டகையில் சோடா கலர் விற்ற பையனாகத்தான் தொடங்கினார் என்று அப்பா நாலு ஆள் கூடினால் சொல்லாமல் விடமாட்டார். (தமிழ்க் கம்பெனிகள் வந்து போட்ட சங்கீத நாடகத்தைப் பார்த்துத்தான் மலையாளத்திலும் சங்கீத நாடகம் வந்தது என்பது அவருடைய அடுத்த பாட்டு. உன் மலையாள நண்பர்கள் முன்னால் அதை எடுக்காமல் பார்த்துக்கொள். விஷயம் சரிதான், அவர் சொல்கிற விதம்தான் சரியில்லை.)

இப்போது என்னவென்றால் ஆறரை என்று ஒரு நேரம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அது சாயாவுக்குப் பிந்தியது, சாப்பாட்டுக்கு முந்தியது. ஆறரை என்று டிக்கெட்டில் போட்டிருந்தாலும் விளக்கேற்றி, ஒருவர் வரவேற்று, இன்னொருவர் வாழ்த்தி முடிக்க ஏழு ஆகிவிடும். நாடகம் இடைவேளை இல்லாமல் இரண்டு மணிநேரம் என்று நீ சொன்னாய். அப்போ வெளியே வர ஒன்பது. அப்பாவுக்கு எட்டு மணிக்கு மாத்திரை, மாத்திரை போட்டால் அரை மணிக்குள் சோறு போகவேண்டும், இல்லையென்றால் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும், சட்டை நனையும், ஆனாலும் "ஒண்ணுமில்லை" என்பார். டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டேன். சாயங்காலம் கெட்டியாக ஏதாவது சாப்பிட வைத்தால், அன்றைக்கு ஒருநாள் மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தள்ளிப் போடலாம் என்றார். அவருக்குச் சொன்னது அவருக்கு மட்டும். உன் மாமாவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்காதே, அவருக்கு ஊசி, கணக்கு வேறு.

ஆகவே இரண்டு தடவை சாப்பிடுகிறோம். நாங்கள் மத்தியானம் தக்கலையில் பஸ் ஏறுகிறோம். 50 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்தபிறகும் களியக்காவிளை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு இடத்திலும் நிற்கும், இரண்டு மணிநேரத்துக்கு மேலேயே வைத்துக்கொள். நீ கழக்கூட்டத்தில் இருந்து ஐந்து மணிக்கு வழுதக்காட்டுக்கு வந்துவிடு. அந்த நேரத்துக்கு ஊண் கேட்டால் எங்கேயும் கிடைக்காது, மூன்று மணிக்கே கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். நாலுமணிப் பலகாரம்தான் கணக்கு. தியேட்டர் பக்கமாகவே, நடந்து போகிற தூரத்தில், ஒரு சாதாரணக் கடை பார்த்து வை. அப்பாவுக்கு இரண்டு ஆப்பம், கடலைக்கறி. பழம்பொரியைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்தால் கை நீட்டுவார், நீ முன்னால் நின்று மறைத்துக்கொள். எனக்கு ஒரு உள்ளிவடையும் சாயாவும் போதும். ஆறு மணிக்கு எழும்பிவிட வேண்டும், தண்ணீர் அதிகம் வேண்டாம், காரணம் நான் எழுதவேண்டியதில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தம்பானூர் காப்பி ஹவுஸ். சிரிக்காதே. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், செங்கல் நிறத்தில், சுருட்டி நிறுத்தி வைத்த மாதிரி நிற்கிறதே, அதேதான். லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. உன் அப்பா முப்பது வருஷம் ஓவர்சியராக இருந்து ஆயிரம் கட்டடத்தைக் குறை சொன்னவர், இதற்கு மட்டும் குறை சொன்னதில்லை. உள்ளே மாடிப்படி கிடையாது, தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறும், சுவரோரம் மேசையும் பெஞ்சும் கட்டியே வைத்திருக்கும், சுவரில் ஓட்டை ஓட்டையாக விட்டுக் காற்று வரும். "சரிந்த தரையில் சாயா சிந்தாமல் மேசை போட்டிருக்கான் பாரு" என்று ஒவ்வொரு தடவையும் புதுசாகச் சொல்வார். என் முட்டுக்கு அந்த ஏற்றம் ஆகாது, அதனால் நுழைந்ததும் கீழே இருக்கிற மேசையைப் பிடி, மேலே இருந்தால் தெரு தெரியும் என்று இளமையைக் காட்டாதே. விசிறித் தலைப்பாகை வைத்தவர்கள் அந்தச் சரிவில் தட்டோடு ஏறி இறங்குவதைக் கீழே இருந்து பார்ப்பதே ஒரு நாடகம்தான். மசால் தோசைக்குள் பீட்ரூட் போட்டுச் சிவப்பாக இருக்கும், அப்பாவுக்கு அது பிடிக்காது, ஆனாலும் அதையே கேட்பார், பிறகு எனக்குத் தள்ளுவார்.

அங்கே ராத்திரி எத்தனை மணிவரை அடுப்பு எரியும் என்று முந்தின நாள் நேரில் போய்க் கேள். போனில் பார்த்தேன் என்று சொல்லாதே. அடைத்துவிடுவார்கள் என்றால் ஸ்டேஷன் பக்கத்திலேயே ஆர்ய நிவாஸ் இருக்கிறது, சைவம்தான், இட்லி தோசையில் பழுது கிடையாது. உனக்குப் பிரியாணி வேண்டுமானால் பாளையத்தில் வாங்கிக்கொண்டு உன் அறைக்குப் போய்த் தின்னு. மணி பத்தாகும்போது நீ தின்பதைப் பார்த்து அப்பாவும் கேட்பார், அதனால்தான் சொல்கிறேன்.

கோவளம் வேண்டாம் என்பதற்குக் காரணம் பணம் என்று நீ நினைப்பாய். ஒன்பது மணிக்கு மேல் அத்தனை தூரம் தெற்கே போய், கடலைப் பார்த்துக்கொண்டே காத்திருந்து, மறுபடி பஸ்ஸுக்குத் தம்பானூர் வந்தால் இந்த நாடகத்தைப் பற்றி எப்போது பேசுவது? காரில் நீ வழி பார்ப்பாய், ஓட்டலில் அட்டை பார்ப்பாய். நாடகம் விட்டு வரும்போது நம் மூன்று பேருக்கும் மூன்று சந்தேகம் இருக்கும், அப்பா நடிகனைத் திட்டுவார், நீ திட்டாதே என்பாய், எனக்குக் கதையில் ஒரு இடம் விளங்கியிருக்காது. அதை ஒரு காப்பியை வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் பேசவேண்டும். நீ இங்கே வந்தால் ஒரு மணிநேரம் உட்காருவதே இல்லை, தெரியுமா? பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே என்பதால் கடைசிச் சொட்டுவரை பேசிவிட்டு ரோட்டைத் தாண்டினால் நாகர்கோவில் பஸ் நிற்கும். உன் அறையில் தங்கலாம் என்று சொல்லியிருக்கிறாய், அப்பா கேட்கமாட்டார், கோழியைக் காரணம் சொல்வார். பார்ப்போம்.

முந்திரிக்கொத்து செய்து டப்பாவில் கொண்டுவருகிறேன், இரண்டு சீப்பு மட்டிப்பழமும். தியேட்டருக்குள் எதையும் பிரிக்கமாட்டேன். போன தீபாவளிக்கு நீ வாங்கித் தந்த கைப்பைதான் எடுக்கிறேன், அதில் அப்பாவுக்கு அவசரத்துக்கு நாலு மிட்டாயும் என் கண்ணாடியும் மட்டும். மீன் கிடையாது.

அம்மா