மீன்கடையாகிப் போன பள்ளிக்கூடம்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. நீ பார்க்கச் சொன்ன ‘கிளவுஸ்’ கார்ட்டூன் படத்தை, அரையாண்டு விடுமுறைக்கு வந்திருக்கும் உன் அக்காவின் பிள்ளைகளோடு நேற்றிரவு எல்லோருமாக நெட்பிளிக்ஸில் பார்த்தோம். அரிசிம்பருப்புச் சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிள்ளைகள், படம் ஓட ஓடச் சாப்பிடுவதையே மறந்துவிட்டார்கள். அப்பத்தாவுக்கு ஆங்கிலம் புரியாது என்பதால் பெரியவன் பக்கத்தில் அமர்ந்து கதை சொல்லிக்கொண்டே வந்தான். தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொள்ளும் அந்த இரண்டு குடும்பங்களைப் பார்த்ததும், “ஆரு ஆரம்பிச்சதுன்னே தெரியாம அடிச்சுக்கறாங்க பாரு சாமி” என்றார். அதற்குப் பிறகு அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

செர்ஜியோ பாப்லோஸ் என்ற ஸ்பெயின் நாட்டு இயக்குநர் 2019இல் எடுத்த படமாம். பாத்திரங்களைக் கையால் வரைந்து, ஒளியையும் நிழலையும் கணினியின் துணையோடு சேர்த்திருக்கிறார்கள் என்று உன் அப்பா எங்கோ படித்துச் சொன்னார். பனி மூடிய அந்த ஊரின் மங்கலான வெளிச்சம் என் கண்ணை விட்டு இன்னும் அகலவில்லை.

ஆனால் என் மனத்தைப் பிடித்துக்கொண்டவள் ஆல்வா. ஓராண்டுக்குள் 6000 கடிதங்களைச் சேர்க்க வேண்டும் என்று தந்தையால் வடகோடிக்கு அனுப்பப்பட்ட தபால்காரன் ஜெஸ்பரையும், பொம்மை செய்யும் பெரியவர் கிளவுஸையும் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். பகைவர் வீட்டுக் குழந்தையோடு தம் குழந்தையை உட்கார வைக்க யாரும் விரும்பாததால், பாடம் நடத்த வந்த ஆல்வா அதே பள்ளிக்கூடத்தில் மீன் வெட்டி விற்று, ஊரை விட்டுப் போவதற்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறாள். கடிதம் எழுதினால் பொம்மை கிடைக்கும் என்று தெரிந்ததும், எழுதத் தெரியாத பிள்ளைகள் அவளைத் தேடி வருகிறார்கள். முதலில் சலித்துக்கொள்பவள், பிறகு சேர்த்து வைத்த பணத்தையே பள்ளிக்காகச் செலவழித்துவிடுகிறாள். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

1982இல் சத்துணவுத் திட்டம் வந்து சில ஆண்டுகள் கழித்து நான் பவானியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கத் தொடங்கினேன். ஜமக்காளத் தறி வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் பலர், விடியற்காலையில் தறிக்கு நூல் தார் சுற்றிவிட்டு, விரல் இடுக்கில் சாயம் படிந்திருக்க, மதியச் சோற்றுக்காகவே வந்தார்கள். சிலேட்டைப் பிடித்தால் அதன் மரச்சட்டத்திலும் அந்தச் சிவப்பு ஒட்டிக்கொள்ளும். சோற்றுக்கு வருகிறவர்களுக்குப் படிப்பு எங்கே ஏறும் என்று பேசியவர்கள் உண்டு. சோற்றுக்கு வந்த அதே பிள்ளைகள்தான், வெளியூர்த் தறிக்குப் போன அப்பாவுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்ற ஆசையில், மற்றவர்களுக்கு முன்பாக எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டார்கள். தனக்கென்று ஒரு தேவை இருக்கும் குழந்தையை யாரும் விரட்டிப் படிக்க வைக்க வேண்டியதில்லை என்பதை அந்த வகுப்பறையில்தான் நான் கண்டேன். அதை ஒரு கார்ட்டூன் படம் இவ்வளவு சரியாகக் காட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சின்னவளுக்கு மிகவும் பிடித்தது மார்கு என்ற சிறுமி; ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் ‘சாமி’ என்ற பழங்குடியைச் சேர்ந்தவள். அவள் பேச்சு ஜெஸ்பருக்கு ஒரு சொல்கூடப் புரியாமல் போக, ஆல்வாதான் அவளுக்காகக் கடிதத்தை எழுத உதவுகிறாள். அவள் கேட்ட சறுக்குவண்டி பனியில் வழுக்கிப் போனபோது, எங்கள் வீட்டில் கைதட்டல் அடங்கவில்லை.

பாப்பாவுக்கு அங்கே தமிழ் எழுத்தில் நாட்டமே வரவில்லை என்று போன மாதம் வருத்தப்பட்டாய் அல்லவா? இந்தக் கடிதத்தோடு பெரியவனும் சின்னவளும் அவளுக்கு ஆளுக்கொரு தாள் எழுதி வைத்திருக்கிறார்கள். கோடை விடுமுறையில் இங்கு வரும்போது அவளுக்கு என்ன வாங்கி வைக்கலாம் என்று அதில் கேட்டிருக்கிறார்கள். பதில் தமிழில் வந்தால்தான் வாங்குவார்களாம். நீ படித்துக் காட்டிவிடாதே, கண்ணு. எத்தனை நாள் ஆனாலும் அவளே எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும்.

அன்புடன்,
அம்மா